மூப்பர் அறைக்குள் ஓய்ரிக்

தென் ஜார்ஜியா
20 நவம்பர் 1952

என் ஓய்ரிக்,

அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு, உட்கார்ந்து இதைப் படி. பயப்படாதே. கை கால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. திமிங்கிலம் என் மேல் விழவில்லை, நானும் அதன் மேல் விழவில்லை.

செய்தி இதுதான். பதினான்கு வருஷமாக நீ எனக்காக ஜெபித்துக்கொண்டிருந்தது நடந்துவிட்டது. சிரிக்காதே. பிரசங்கம் ஆரம்பிக்கும்போது உன் கையிலிருந்து புதினா மிட்டாயை வாங்கி வாயில் போட்டு, அது கரைவதற்குள் தூங்கிப்போகிற உன் புருஷன்தான் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை திமிங்கிலக் கொழுப்பு உரிக்கிற தளத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஹால்வார் நீளக் கத்தியால் கீறிக்கொண்டே போக, நான் பின்னால் கொக்கி போட்டு இழுக்கிறேன். ஹால்வாரைப் பற்றி எழுதியிருக்கிறேன், நார்வேக்காரன், என் அறையில் கீழ்க் கட்டிலில் படுப்பவன். அவன் வேலை செய்யும்போது முணுமுணுவென்று ஞானப்பாட்டு பாடுவான். அன்றைக்கும் பாடினான். எனக்கு அவன் மொழி பாதிதான் புரியும். கணுக்கால் வரை ரத்தத்தில் நின்றுகொண்டிருந்தவனுக்குத் திடீரென்று, சின்ன வயதிலிருந்து கோயிலில் கேட்டதெல்லாம் ஊருக்குச் சொன்னதில்லை, எனக்குச் சொன்னது என்று தோன்றியது. சிலுவையில் அவர் செத்தது எனக்காக. டார்க்கிலுக்காக. கொக்கியை விட்டுவிட்டு அழுதேன், ஓய்ரிக். மேஸ்திரி கத்தினான். கண்ணில் கொதிகலன் ஆவி பட்டுவிட்டது என்றேன்.

அன்றிலிருந்து மனம் அப்படி லேசாக இருக்கிறது. எனக்கு இரட்சிப்பு உண்டு, நிச்சயம். எப்படித் தெரியும் என்றால், பசித்தால் பசிக்கிறது என்று தெரிவதில்லையா, அப்படித் தெரிகிறது.

மே மாதம் வேட்டை முடிந்து கிளம்பினால் ஜூனில் வீட்டில் இருப்பேன். ஆகஸ்ட் திருவிருந்துக்கு நாம் இருவரும் சபை மூப்பர்கள் முன்னால் போய் நிற்போம். இருவரும், கவனி. வருஷத்துக்கு இரண்டு தடவை திருவிருந்து வந்தால், வியாழன் முதல் திங்கள் வரை ஐந்து நாளும் நீதான் முதல் ஆளாகக் கோயிலுக்குப் போகிறாய். பக்கத்துச் சபைகளிலிருந்து வருகிற பத்துப் பேருக்கு ஆக்கிப் போட்டுப் படுக்கை விரிக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை அப்பமும் ரசமும் தருகிற பந்திக்கு அழைக்கும்போது மட்டும் எழுந்து போகாமல் பின் வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாய். தூங்குகிறவனுக்கு அந்த இடம் சரி. உனக்கு ஏன்? ஒரு தடவையும் நீ சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

உன்
டார்க்கில்


லூயிஸ் தீவு
5 ஜனவரி 1953

அன்பு டார்க்கில்,

உட்கார்ந்துதான் படித்தேன். படித்துவிட்டு எழுந்து போய்ப் பசுவிடம் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன், ஏனென்று பிறகு சொல்கிறேன்.

முதலில் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதை எழுதுகிற வேகத்தில் அது விட்டுப்போகும். எனக்குச் சந்தோஷம், டார்க்கில். மாட்டுக் கொட்டகையிலேயே மண்டி போட்டு நன்றி சொன்னேன். பாவாடை நாசமாகிவிட்டது.

இப்போது மற்றது. "எனக்கு இரட்சிப்பு உண்டு, நிச்சயம்" என்று எழுதியிருக்கிறாயே, நம் ஊரில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? உன் தாய்மாமா இவாண்டர் முப்பது வருஷமாக மூப்பர். "ஆத்துமா எப்படி இருக்கு மாமா?" என்று கேட்டால் அவரே என்ன சொல்கிறார்? "நம்பிக்கை வைக்கப் பாக்கறேன்மா. பாக்கறேன்." அவ்வளவுதான். அவரே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். நீ ஒரு செவ்வாய்க்கிழமை கண்ணைத் துடைத்துக்கொண்டு புதன்கிழமை வாங்கி வந்துவிட்டாயா? இதைப் பக்கத்து வீட்டு டோலினாவிடம் படித்துக் காட்டினால், "ரொம்ப உறுதியா பேசறான்னா உள்ள ஒண்ணும் இல்லைனு அர்த்தம்" என்று அடுத்த வீட்டு வாசலில் நின்று சொல்லிவிடுவாள். அதனால்தான் பசுவோடு நிறுத்திக்கொண்டேன்.

ஏன் பின் வரிசை என்று கேட்டாய். பத்தொன்பது வயதில் ஒரு தடவை மூப்பர் அறை வரைக்கும் போனேன். சனிக்கிழமை ஆராதனை முடிந்தபின், பந்தியில் சேர விரும்புகிறவர்கள் அங்கே போய் மூப்பர்களின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், தெரியும் உனக்கு. கதவின் கொண்டியில் கை வைத்துவிட்டேன். உள்ளே யாரோ இருமினார்கள். ஓடி வந்துவிட்டேன். மெய்யான விசுவாசியாக இருந்தால் ஓர் இருமலுக்கு ஓடுவாளா? அந்தக் கேள்வியோடு இருபது வருஷம் ஓடிவிட்டது.

மற்றவர்களுக்கெல்லாம் ஒரு நாள், ஒரு மணி, ஒரு வசனம் இருக்கிறது. எனக்கு எதுவும் வரவில்லை. உருளைக்கிழங்கு உரிக்கும்போதும் காத்திருக்கிறேன், அடுப்புக்குச் சதுப்புக் கரி வெட்டும்போதும் காத்திருக்கிறேன். நான் கேட்டுக்கொண்டே இருப்பது எனக்கு வராமல், கேட்காத உனக்கு, திமிங்கிலக் குடலுக்கு நடுவில் வந்திருக்கிறது. எனக்குப் பொறாமையாக இருக்கிறது, டார்க்கில். எழுதியாகிவிட்டது, அடிக்க மாட்டேன். பொறாமைப்படுகிறவளுக்கு இரட்சிப்பு எங்கே இருக்கும், நீயே சொல்.

இரண்டு ஜோடி காலுறை அனுப்புகிறேன். பச்சை ஓரம் போட்டதைப் பத்திரமாக வைத்துக்கொள், நூல் கிடைப்பதில்லை.

ஓய்ரிக்


தென் ஜார்ஜியா
29 டிசம்பர் 1952

ஓய்ரிக்,

என் நவம்பர்க் கடிதம் உனக்குக் கிடைத்ததா என்று தெரியாது. கிடைத்திருந்தால் அதை அடுப்பில் போட்டுவிடு. யாரிடமாவது சொல்லியிருந்தால், டார்க்கிலுக்கு அப்போது காய்ச்சல் என்று சொல்லிவிடு.

நம் சபை கொண்டாடாத கிறிஸ்துமஸை நார்வேக்காரர்கள் கொண்டாடினார்கள். வேலை இல்லை. உலர்ந்த பழமும் சர்க்கரையும் ஈஸ்டும் போட்டுப் பின்கட்டில் ஒரு மாதமாக எதையோ ஊற வைத்திருந்தார்கள். ஒரு குவளை என்று ஆரம்பித்தேன். எத்தனை குவளை என்று எனக்குத் தெரியாது. ஹால்வார் வந்து, "போதும் டார்க்கில், வா, போய்ப் படு" என்று தோளில் கை வைத்தான். அடித்தேன். முகத்தில், மூடிய கையால். முன்பல் இரண்டு போய்விட்டது. பாட்டுப் பாடுகிற வாய் அது.

காலையில் அவன் என்னைத் திட்டவில்லை. பேசவே இல்லை. தளத்தில் அவன் கீறுகிறான், நான் இழுக்கிறேன். முணுமுணுப்புக்கூட இல்லை. பல் போனதாலா, மனம் போனதாலா என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

இப்போது தெரிகிறது, எனக்கு வந்தது கிருபை இல்லை. கிருபையாக இருந்தால் ஐந்து வாரத்தில் ஒரு குவளையில் கரைந்துபோகுமா? நம் ஊர் மூப்பர்கள் "நம்பிக்கை வைக்கப் பார்க்கிறேன்" என்பதோடு ஏன் நிறுத்திக்கொள்கிறார்கள் என்று இப்போது புரிகிறது. நான் வாய் விட்டேன். என்னிடம் இல்லாததை இருக்கிறது என்றேன்.

குளிர்காலத்துக்கு இங்கேயே தங்குவதற்கு ஆள் எடுக்கிறார்கள். ஏப்ரல் இருபதாம் தேதி பட்டியலை மூடிவிடுவார்கள். பெயர் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். 1954 மே வரை. அதற்குப் பிறகும் பார்க்கலாம். உன் முகத்தைப் பார்த்து என்ன சொல்வேன்? கடிதத்தில் எழுதுவதற்கே மூன்று நாள் ஆயிற்று.

இதை யாரிடமும் சொல்லாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஊர் வாயில் என் பெயர் விழுந்தால் நான் அந்தத் தீவுக்கே வர மாட்டேன்.

டார்க்கில்


லூயிஸ் தீவு
வியாழன், 5 மார்ச் 1953

டார்க்கில், என் டார்க்கில்,

உன் டிசம்பர்க் கடிதம் இன்று காலைதான் வந்தது. ஒன்பது வாரம் எங்கே சுற்றிக்கொண்டிருந்ததோ. திருவிருந்தின் முதல் நாள், வீட்டில் பதினொரு பேர். ஆட்டுக்கறி சூப்பைக் கிளறிக்கொண்டே படித்தேன். அடிப்பிடித்துவிட்டது. விருந்தாளிகள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள், பாவம்.

பட்டியலில் பெயர் கொடுக்காதே. இதை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றதைப் பிறகு யோசித்து எழுதுகிறேன்.

வெள்ளி மாலை

இரண்டு தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். உனக்கு என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கே இல்லாத நிச்சயத்தை உனக்கு எப்படி அனுப்புவேன்? இன்றைக்குக் கேள்வி நாள். மெய்யான விசுவாசியின் அடையாளங்கள் என்னென்ன என்று கேட்டு, பத்து ஆண்கள் எழுந்து பேசினார்கள். பெண்கள் பேசுவதில்லை, அது தெரிந்ததே. ஒருவராவது விழுந்தவனைப் பற்றிச் சொல்வாரா என்று ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாளைக்கு இவாண்டர் மாமாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டுவிடப் போகிறேன். உன் பெயரைச் சொல்ல மாட்டேன். தபால் செவ்வாய்க்கிழமை போகிறது. அதைத் தவறவிட்டால் ஏப்ரல் இருபதுக்குள் உனக்குக் கிடைக்காது.

திங்கள், 9 மார்ச்

நேற்று ஓய்வுநாள், எழுதக் கூடாது. எழுதியிருந்தாலும் கை ஓடியிருக்காது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், குறுக்கே கத்தாமல் படி.

சனிக்கிழமை முழுவதும் மாமா தனியாக அகப்படவே இல்லை. ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே போகிற வரை காத்திருந்தேன். அவர் மூப்பர் அறைக்குள் போவது தெரிந்தது. மற்றவர்கள் இன்னும் வரவில்லை என்று நினைத்துக் கதவைத் தள்ளினேன். உள்ளே வெளியூர்ப் போதகரும் நான்கு மூப்பர்களும் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் ஐந்து பேரும் எழுந்து நின்றார்கள். மாமாவின் கண்ணில் தண்ணீர். சனிக்கிழமை மாலை அந்தக் கதவை வேறு எதற்காகவும் யாரும் திறப்பதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"வாங்கம்மா. உக்காருங்க. அவசரமே இல்ல" என்றார் போதகர். அவருக்கு உன் வயதுதான் இருக்கும்.

மாமாவிடம் தனியாகப் பேச வேண்டும் என்றால், எதற்கு என்று கேட்பார்கள். ஐந்து பேர் முன்னால் உன்னைக் காட்டிக்கொடுக்க முடியாது. செவ்வாய்க்கிழமைத் தபாலையும் விட முடியாது. வாயில் வந்ததைக் கேட்டுவிட்டேன்.

"ஒரு ஆத்துமா. அதுக்குப் பெரிய சந்தோஷம் கிடைச்சுது. கொஞ்ச நாள்லயே ரொம்பக் கேவலமா விழுந்துடுச்சு. அப்ப அந்தச் சந்தோஷம் பொய்யா?"

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கூச்சப்படுகிறவர்கள் தங்களைப் பற்றியே மூன்றாம் மனுஷரைப் போலப் பேசுவது அந்த அறைக்குப் புதிதில்லை போலிருக்கிறது. மிக மெதுவாக, ஊசியில் நூல் கோக்கிற மாதிரி கேட்க ஆரம்பித்தார்கள்.

"அந்த ஆத்துமா விழுந்ததுக்கு யார் மேல பழி போடுது?"

"யார் மேலயும் இல்லங்க. தன் மேலதான்."

"முன்னாடி கிடைச்ச சந்தோஷம் இனி வேண்டாம்னு சொல்லுதா?"

"வேண்டாம்னு சொல்லல. தனக்கு அதுல உரிமை இல்லைனு சொல்லுது. அதை நெனச்சு நெனச்சுத்தான் உருகுது."

மாமா கேட்டார்: "இப்ப அது என்ன பண்ணுது?"

"ஓடி ஒளிஞ்சுக்கப் பாக்குது மாமா. வீட்டுக்குக்கூட வர மாட்டேங்குது."

யாரோ மூக்கைச் சிந்தினார்கள். போதகர் முன்னால் குனிந்தார். பிறகு சொன்னார், இதை அப்படியே எழுதுகிறேன், மறக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்: "அடுத்த வீட்டுப் பிள்ள தப்புப் பண்ணிட்டா நம்ம வாசலுக்கு வரப் பயப்படாதும்மா. அதுக்கென்ன, அதுபாட்டுக்கு வரும். நம்ம பிள்ளதான் வரப் பயப்படும்."

அதற்கப்புறம் கேட்டார்: "அந்த ஆத்துமாவக் கர்த்தர் கைவிட்டுடுவார்னு நீங்க நெனக்கறீங்களா?"

"மாட்டார்" என்றேன். டார்க்கில், நான் யோசிக்கவே இல்லை. "விடவே மாட்டாருங்க. எனக்கு நல்லாத் தெரியும்." என் குரல் அவ்வளவு பலமாக வந்தது எனக்கே திடுக்கென்றது.

மாமா எழுந்து வந்து, பந்திக்குப் போகிறவர்கள் கொடுக்க வேண்டிய அந்த ஈய வில்லையை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். அப்போதுதான் அவர்கள் இவ்வளவு நேரமும் யாரைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று புரிந்தது. வாயைத் திறந்தேன். திறந்தால் உன் பெயர் வரும். மூடிக்கொண்டேன்.

வெளியே டோலினா நின்றுகொண்டிருந்தாள். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "இருபது வருஷம்டி ஓய்ரிக். இருபது வருஷமா உனக்காகக் கேட்டுக்கிட்டு இருந்தேன்டி." நான் வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போயிருந்தது. பதினொரு பேரும் வாசலில் நின்று சங்கீதம் பாடினார்கள். அவ்வளவு அன்பை அதற்கு முன்னால் யாரும் எனக்குக் காட்டியதில்லை. அது எனக்கு உரியது இல்லை என்று தெரிந்தும் வாங்கிக்கொண்டு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆராதனைக்கு முன் கோயில் மதில் ஓரம் மாமாவைப் பிடித்தேன். "மாமா, நேத்து நான் எனக்காகக் கேக்கல. டார்க்கிலுக்காகக் கேட்டேன். அவன் என்ன பண்ணான்னு கேக்காதீங்க" என்று வில்லையை நீட்டினேன்.

அவர் அதை வாங்கவில்லை. "உனக்காகனு கேட்டிருந்தா என்ன பதில் சொல்லியிருப்ப?" என்றார்.

"தெரியாதுன்னு சொல்லியிருப்பேன்."

"அவன் விஷயத்துல மட்டும் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப இந்த வில்ல அவனுது. விசாரிச்சு, பதில் கேட்டு, நான் குடுத்தது. அனுப்பு அவனுக்கு." மாமா சொன்னார் இதை, டார்க்கில். வில்லைகளை எண்ணிக்கொடுத்து எண்ணி வாங்குகிற மனுஷன். "போதகர் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்" என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பிறகு பந்தி. முன் வரிசையில் எனக்கென்று டோலினா இடம் விட்டிருந்தாள். சங்கீதத்தைத் தொடங்கினார்கள், பந்திக்கு வருகிறவர்கள் எழுந்து போனார்கள். நான் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தயக்கம் என்று நினைத்து, முன்பாடகர் அடுத்த அடியையும் எடுத்தார். அதற்கடுத்ததையும் எடுத்தார். நான் எழுந்து வருவேன் என்று கோயிலே காத்திருந்தது. திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். டோலினா கையால் கூப்பிட்டாள். சங்கீதம் தீர்ந்துபோய், அந்த இடம் காலியாகவே இருந்தது.

வில்லையை வாங்கிக்கொண்டு பந்திக்கு வராதவள் என்றால் ஊர் என்ன நினைக்கும், உனக்குத் தெரியும். மறைவாக ஏதோ பெரிய பாவம் இருக்கிறது, கடைசி நிமிஷத்தில் மனச்சாட்சி தடுத்துவிட்டது, அவ்வளவுதான். இன்று காலை பதினொரு பேரும் என் முகத்தைப் பார்க்காமல் கஞ்சி குடித்துவிட்டுப் போனார்கள். டோலினா வேலியில் நின்றவள் என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள். எனக்கு வலிக்கிறது, வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உன் பெயர் யார் வாயிலும் விழவில்லை.

வில்லையை இந்தத் தாளுக்குள் வைத்துத் தைத்திருக்கிறேன். ஊர்ப் பெயரும் வருஷமும் பொறித்திருக்கிறது. இது உன்னுடையது. நான் உனக்குத் தரவில்லை, ஐந்து பேர் விசாரித்துத் தந்திருக்கிறார்கள். வீட்டுக்கு வரப் பயப்படுகிறாயே, அதிலேயே தெரியவில்லையா நீ எந்த வீட்டுப் பிள்ளை என்று?

பட்டியலில் பெயர் கொடுக்காதே. வா.

ஓய்ரிக்


தென் ஜார்ஜியா
சனி, 18 ஏப்ரல் 1953

என் ஓய்ரிக்,

உன் கடிதம் நேற்று வந்த சரக்குக் கப்பலில் கிடைத்தது. பட்டியலில் என் பெயர் இருந்தது. மூன்று வாரம் முன்னாலேயே கொடுத்துவிட்டேன். இன்று காலை மேஸ்திரி அறைக்குப் போய்ப் பெயரை அடித்துவிடச் சொன்னேன். "என்னடா, பொண்டாட்டி கூப்பிட்டுட்டாளா?" என்றான். ஆமாம் என்றேன்.

ஜனவரியில் நீ எழுதியது பிப்ரவரியிலேயே கிடைத்தது. பசுவிடம் சொன்னாய், மண்டி போட்டாய், பொறாமைப்பட்டாய் என்றெல்லாம் படித்துவிட்டு, இவ்வளவு சந்தோஷப்பட்டவளிடம் அதற்கு மேல் எதை எழுதுவது என்று தெரியாமல் மூடி வைத்துவிட்டேன். மன்னித்துக்கொள். பச்சை ஓரக் காலுறையைப் போடவே இல்லை. போட உரிமை இல்லாத மாதிரி இருந்தது.

வில்லை கையில் விழுந்ததும் அது என்னவென்று புரிய எனக்கு நேரம் பிடித்தது. கிட்டத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லையே. ஹால்வார் கட்டிலில் உட்கார்ந்து கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். நாங்கள் பேசி நாலு மாதம் ஆகிறது. அவன் முன்னால் போய் நின்று, உன் கடிதத்தை முதலிலிருந்து கடைசி வரை எனக்குத் தெரிந்த அரைகுறை நார்வே மொழியில் சொன்னேன். அடுத்த வீட்டுப் பிள்ளை என்ற இடம் வந்ததும் கத்தியைக் கீழே வைத்தான்.

"உன் பொண்டாட்டியையா ஊர் ஒதுக்கி வச்சிருக்கு? நீ குடிச்சதுக்கு?" என்றான்.

"ஆமாம்."

"அப்ப நீ இங்க எதுக்கு உக்காந்திருக்க?"

அவன் நாலு மாதத்தில் என்னிடம் சொன்ன முதல் வார்த்தைகள். நான் மன்னிப்புக் கேட்டேன். பல் போன இடத்தைக் காட்டி, இப்போது விசில் நன்றாக வருகிறது என்றான். மூக்கு ஒழுக அழுதேன், அவனும் அழுதான். இரண்டு பேரும் ஒரே கைக்குட்டையைக் கெடுத்தோம்.

இப்போது நான் சொல்வதை நீ குறுக்கே கத்தாமல் கேள். இருபது வருஷமாக உனக்கு ஒரு வசனம் வரவில்லை, ஒரு நாள் வரவில்லை என்று உன்னை நீயே தள்ளி வைத்திருக்கிறாய். அடுத்தவனுடைய அவமானத்தைத் தூக்கி உன் தலையில் போட்டுக்கொண்டு, ஒரு கோயிலே திரும்பிப் பார்க்க வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாயே, அதை எங்கே கற்றுக்கொண்டாய்? யாரிடம் கற்றுக்கொண்டாய்? கேள்வி நாளில் எழுந்து பேசின பத்து ஆண்களும் இந்த அடையாளத்தைச் சொன்னார்களா? எனக்குப் பிரசங்கம் செய்யத் தெரியாது. தூங்கியவன் நான். ஆனால் இதைப் பார்த்தும் புரியாத அளவுக்கு முட்டாள் இல்லை.

நீ எனக்காக மூடின வாயை நான் திறந்துவிட்டேன். இந்தக் கவருக்குள் இன்னொரு தாள் இருக்கிறது, இவாண்டர் மாமாவுக்கு. கிறிஸ்துமஸ், குவளை, பல், பட்டியல், எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். மூப்பர் அறையில் நீ கேட்டது யாருக்காக என்றும் எழுதியிருக்கிறேன். புதன்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது, வாசலில் நின்று சத்தமாகப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். நீ ஒளித்து வைக்கக் கூடாது. வைத்தால் அடுத்த கப்பலில் நேராகப் போதகருக்கே எழுதுவேன்.

ஊர் வாயில் என் பெயர் விழட்டும். விழுந்த பிறகும் அந்தத் தீவுக்கு வருகிறேன். மே பதினைந்தில் கிளம்புகிறோம். வில்லை என் சட்டைப் பையில் இருக்கிறது. மாமாவின் கையில் நானே கொடுத்துக்கொள்கிறேன்.

உன்
டார்க்கில்


லூயிஸ் தீவு
வியாழன், 28 மே 1953
(லீத் துறைமுகம், கப்பல் அலுவலகம், வந்ததும் கொடுக்கவும்)

என் டார்க்கில்,

நீ கரை இறங்கும்போது இது உன் கையில் இருக்க வேண்டும் என்று இப்போதே அனுப்புகிறேன்.

உன் தாளை இரண்டு நாள் மாவு ஜாடியில் ஒளித்து வைத்தேன். பிறகு நீ போதகருக்கு எழுதிவிடுவாய் என்று பயந்து மாமாவிடம் கொடுத்தேன். நேற்று ஜெபக்கூட்டம் முடிந்ததும் வாசற்படியில் நின்று, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு வரி விடாமல் படித்தார். காற்று பலமாக அடித்தது. பின்னால் நிற்கிறவர்களுக்குக் கேட்கவில்லை என்று இரண்டாம் தடவையும் படித்தார். நான் மதிலோடு மதிலாக நின்றேன்.

டோலினாதான் முதலில் வாயைத் திறந்தாள். "கிறிஸ்துமஸா கொண்டாடினான்?" என்று கேட்டாள். பல்லும் குவளையும் அவள் காதில் விழவே இல்லை போலிருக்கிறது. அப்புறம் என்னிடம் வந்தாள். கன்னத்தில் ஓங்கி ஓர் அறை கொடுக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டாள். "மூணு மாசம்டி. மூணு மாசம் நான் உன்கூடப் பேசல. நீயும் ஒரு வார்த்த சொல்லல. உனக்கு எவ்ளோ கல் நெஞ்சு" என்று அழுதாள். இன்று காலை வாளி நிறையப் பாலாடைக் கட்டி கொண்டுவந்து வைத்துவிட்டு, திரும்பவும் அழுதுவிட்டுப் போனாள். உன் பெயர் எல்லோர் வாயிலும் இருக்கிறது. சிலர் மோசமாகத்தான் பேசுகிறார்கள். பரவாயில்லை, அவர்கள் வாய் ஓய்வதற்குள் நீ வந்து சேர்ந்துவிடுவாய்.

உன் கடிதத்தை ஒன்பது தடவை படித்துவிட்டேன். அதை யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று கேட்டாயே. என் உள்ளே எட்டிப் பார்த்தால் இன்னமும் பழைய ஓய்ரிக்தான் இருக்கிறாள், கொண்டியில் கை வைத்தபடி. ஆனால் கிட்டத்தட்ட ஒரு வாரமாக உள்ளே எட்டிப் பார்க்கவே நேரமில்லை. நம் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். கறுப்புக் கோட்டைப் பிரித்துத் தைத்தேன். இந்த ஒரு வாரம் நன்றாகத் தூங்குகிறேன்.

சற்று முன்னால் மாமா வந்தார். தேநீர் குடித்தார். அவருக்கு எப்போதும் எதையும் சுற்றி வளைத்துக் கேட்கத் தெரியாது.

"ஆகஸ்ட்ல அந்தக் கதவத் தொறப்பியா?"

"தொறப்பேன் மாமா."

"போன தடவ அவனுக்காகப் பதில் சொன்ன. நல்லாச் சொன்ன. இந்தத் தடவ உன்னப் பத்திக் கேப்போம். தெரியாது தெரியாதுன்னு நீ உக்காந்திருந்தா, யாரு பதில் சொல்றது?"

"டார்க்கில் சொல்வான்" என்றேன். "கப்பல் ஜூன் பதினேழாம் தேதி வருது."

ஓய்ரிக்